பாளை கேம் சென்டரில் ஐஸ் ஹாக்கி: ஃபார்வர்டு ஆடியவர்கள் போய்ப் பாருங்கள்

பாளை மார்க்கெட் பக்கம் மாடியில் இருக்கிற கேம் சென்டரில் இப்போது என்எச்எல் 24 போட்டிருக்கிறார்கள், வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் பேரில் வருகிற வீடியோ கேம். மணிக்கு நூறு ரூபாய். எல்லாரும் கிரிக்கெட்டும் ஃபுட்பாலும்தான் கேட்கிறார்கள், அதனால் இதற்குக் காத்திருக்கவே வேண்டாம். கம்ப்யூட்டருக்கு இந்த ஆட்டம் வரவில்லை, பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ வீட்டில் இல்லாதவர்களுக்கு நம் ஊரில் இப்படி ஓர் இடம் கிடைத்ததே பெரிய விஷயம்.

இதில் 'பி எ புரோ' என்ற பகுதியைத்தான் ஆட வேண்டும். ஒரே ஒரு வீரரை உருவாக்கி அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதையும் நாமே ஆடுகிறோம். நான் லெஃப்ட் விங்கர், அதாவது இடது ஓரத்து ஃபார்வர்டு எடுத்தேன். காரணம் வாஷிங்டன் அணியின் ஓவெச்கின், 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி 895-ஆவது என்எச்எல் கோல் அடித்து, அதுவரை சாதனையாக இருந்த கிரெட்ஸ்கியின் 894-ஐத் தாண்டினாரே, அவர்தான். ஐஸ் தளத்தில் கோலுக்குப் பக்கம் வரைந்திருக்கிற இடது வட்டத்தில் நின்றுகொண்டு, வருகிற பாஸை நிறுத்தாமல் அப்படியே அடிப்பார். இங்கே கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அந்த அடி விழுகிறது, பக் (பந்துக்குப் பதிலாக இருக்கிற தட்டையான ரப்பர் வட்டு) வலையில் மோதுகிற நொடி இருக்கிறதே, அதற்காகவே எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஆனால் போன உடனே கோல் அடிக்க விட மாட்டார்கள். புதுப் பையன் என்றால் நாலாவது வரிசைதான், மாறி மாறி இறங்குகிற ஃபார்வர்டு குழுக்களில் கடைசி, ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிஷம் போல, அதற்கு மேல் நின்றால் கால் கனத்து வேகம் போய்விடும், உடனே பெஞ்சுக்குத் திரும்பணும். கோவில்பட்டி மைதானங்களில் ஹாக்கி மட்டை பிடித்து வளர்ந்தவர்களுக்கு முதலில் இடறுவது ஆஃப்சைடு. நம் ஹாக்கியில் அதை எடுத்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இங்கே எதிரணிப் பக்கம் இருக்கிற நீல நிறக் கோட்டைப் பக் தாண்டும் முன் நாம் தாண்டினால் விசில். அப்புறம் கோலுக்குப் பின்னாலும் இடம் உண்டு! நமக்கு அந்தக் கோட்டைத் தாண்டினாலே பந்து வெளியே, கிரெட்ஸ்கியோ வலைக்குப் பின்னால் நின்று பாஸ் கொடுத்தே பேர் வாங்கியவர். 1963 அசிஸ்ட், அதாவது கோலுக்கு வழி செய்த பாஸ். வேறு எந்த ஒரு என்எச்எல் வீரருடைய கோலையும் அசிஸ்டையும் சேர்த்துக் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது.

இந்தப் பகுதி எனக்கு இவ்வளவு பிடித்ததற்குக் காரணம், பெரிய பேர் வாங்காத ஃபார்வர்டின் பாட்டையும் அப்படியே காட்டுவதுதான். ராபின் பாவா என்று ஒருவர், இந்திய வம்சாவளியில் என்எச்எல் ஆடிய முதல் ஆள், ரைட் விங்கர், 1989-இல் வாஷிங்டன் அணியில் தொடங்கினார். மொத்தம் 61 ஆட்டம், 6 கோல். ஒரு சீசனுக்கே எண்பது ஆட்டம் போல வரும் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடுகிற ஒவ்வொரு முக்கால் நிமிஷமும் அவருக்கு எவ்வளவு பெரிது என்பது, நாலாவது வரிசையில் உட்கார்ந்து கோச் கூப்பிடுவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது புரிகிறது.

கடையில் குறை உண்டு. ஒரு கன்ட்ரோலரில் வலது ஸ்டிக் லூசாகிக் கிடக்கிறது, ஷாட் முழுக்க அதில்தான் என்பதால் அதை வைத்து ஆடவே முடியாது. அண்ணாச்சியிடம் சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார், ஆனால் நாமாகக் கேட்கணும். கரண்ட் போனால் டிவி ஓடும், ஏசி ஓடாது, சித்திரை மாசத்தில் மத்தியானம் போகாதீர்கள். தனி ப்ரொஃபைல் போடச் சொல்லி உங்கள் பேரில் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் உங்கள் சீசனை எடுத்து ஆடிவிடுவார்.