ஆறு மழைக்காலம் பார்த்த வீடு

காட்பாடியில் 1,100 சதுர அடியில் வீடு கட்டி 2019 தையில் பால் காய்ச்சினோம். அப்போது யாராவது "வேலைக்காரங்க எப்படி?" என்று கேட்டிருந்தால் பிளம்பர் உட்பட எல்லாருக்கும் "சூப்பர்" என்றுதான் சொல்லியிருப்பேன். புதுப் பெயிண்ட் வாசனையில் எல்லாமே நல்ல வேலையாகத்தான் தெரியும். ஆறு ஐப்பசி, கார்த்திகை தாண்டிவிட்டதால் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

பொருள் எங்களுடையது, கூலி சதுர அடிக் கணக்கு. மூன்று மேஸ்திரிகளிடம் ரேட் கேட்டோம். இரண்டு பேர் அப்போதுதான் கிரகப்பிரவேசம் முடிந்த வீடுகளைக் காட்டினார்கள். மூன்றாமவர் சத்துவாச்சாரியில் எட்டு வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஹாலைக் கூடக் காட்டவில்லை. நேராக மொட்டை மாடிக்கு ஏற்றி, படிக்கட்டு ரூம் சுவரும் தளமும் சேரும் மூலையில் கையை வைத்தார். "ஒழுகுனா இங்கதான் சார் ஒழுகும், தொட்டுப் பாருங்க." ஓதமே இல்லை. அவர் ரேட்தான் அதிகம். மாமனாருக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் அவரையே வைத்தோம்.

தளம் போட்டது சித்திரையில். வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டார். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயக்கூடாது; இவர் 14 நாளும் காயவே விடவில்லை. போரில் தண்ணீர் குறையுது என்று முனகினேன். "லாரித் தண்ணி வாங்குங்க சார். தளம் ஒழுகுனா என் பேர்தான் நாறும்" என்றார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்ட மழையிலும் சொட்டு இறங்கவில்லை.

எலக்ட்ரீஷியன் கெட்டிக்காரர், ஆனால் நேரத்துக்கு வர மாட்டார். "அவரு பைப் பதிக்கட்டும், அப்புறம் பூசுறேன்" என்று மேஸ்திரி சொன்னார். முகூர்த்த அவசரத்தில் நான்தான் பூசச் சொன்னேன். பூசிய சுவரைக் கொத்தி, விரிசல் விடாமலிருக்க வைக்கும் கோழி வலை (கம்பி வலை) கூட வைக்காமல் அடைத்தார்கள். இன்று பெட்ரூமில் பைப் போன வழியெல்லாம் மயிரிழை விரிசல். அது என் தப்பு.

பிளம்பர் சொந்தக்காரர் சொல்லி வந்தவர், ரேட்டும் குறைவு. சோலார் ஹீட்டர் லைனுக்குச் சுடுதண்ணீர் தாங்கும் சிபிவிசி பைப் போடாமல் சாதா பிவிசியைச் சுவருக்குள் புதைத்துவிட்டார். பூசுவதற்கு முன் தண்ணீரை அழுத்திவிட்டுச் சோதிக்கவும் இல்லை. இரண்டாவது கோடையில் ஜாயிண்ட் விட்டுவிட்டது. போன் போட்டால் "வெளியூர்ல இருக்கேண்ணே" என்பார். ஒரு வருஷமாகவா வெளியூர்?

பாத்ரூம் தரையிலும் வாட்டம் கோளாறு. குளித்த தண்ணீர் கதவுப் பக்கம் வரும். அம்மா தினமும் துடைப்பத்தால் தள்ளிவிடுவார். கடைசியில் தரையைத் திரும்பப் போட மேஸ்திரியே தன் டைல்ஸ் ஆளை அனுப்பினார். அந்த மனுஷன் ரசமட்டம் வைத்துப் பார்த்ததோடு விடவில்லை. ஜாயிண்ட் அடைப்பதற்கு முன் கதவோரம் ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றி, அது நானி ட்ராப்பில் (தரையில் தண்ணீர் இறங்கும் வடிகாலில்) இறங்கும் வரை குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு டைலை மட்டும் பெயர்த்துத் திரும்ப வைத்தார்.

பைப் மாற்ற உடைத்த சுவரில்தான் பழைய டிசைன் கிடைக்கவில்லை. நாலு டைல்ஸ் வேறு கலர். அம்மா அதன்மேல் துண்டு மாட்டி வைத்திருக்கிறார்.