ஆறு மழைக்காலம் பார்த்த கம்பி வலை: அடியை மட்டும் மூடிவிடாதீர்கள்

தெலங்கானாவில் கொத்தகூடம் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். பூமிக்குள் இறங்கும் சுரங்க வாய்க்கு மேலே, வெட்டிய சரிவில் கல் உருளாமல் தடுக்க ஏற்பாடு செய்ய வேண்டுமாம். "மாப்ளே, உன் வலை எப்படி இருக்கு?" என்றான். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கேரளத்தில் பூப்பாறையில் எங்கள் ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் 20 மீட்டர் உயரப் பாறை. 2018 வெள்ளத்துக்கு மறுவருஷம் வலை போட்டோம். 2.7 மில்லிமீட்டர் துத்தநாகம் பூசிய கம்பி, இரட்டை முறுக்கு, அறுகோணக் கண். எங்கேயாவது ஒரு கம்பி அறுந்தாலும் பிரிந்துகொண்டே போகாது, அதை நானே பார்த்துவிட்டேன். முன்பெல்லாம் ராத்திரி மழை பிடித்தால் தகரக் கூரையில் டமார் என்று கல் விழும், அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். இப்போது பாறைக்கும் வலைக்கும் நடுவில் சரசரவென்று வழுக்கி இறங்கும் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அம்மா தூங்குகிறார். இதற்கு மேல் ஒரு வலையிடம் என்ன கேட்க?

ஆனால் அடிப்பகுதி! போட்டுக் கொடுத்தவர் கீழ் விளிம்பைக் கம்பிக் கயிறு கோத்துத் தரையோடு இறுக்கிவிட்டார். விழுகிற கல் வெளியே வர வழியில்லை. வருஷா வருஷம் வயிறு தள்ளிய சாக்கு மாதிரி நிற்கிறது. ஒரு கன மீட்டர் உடைகல்லே ஒன்றரை டன் வரும், அத்தனை பாரமும் மேலே பாறையில் அடித்த ஆணிகளில்தான் தொங்குகிறது. போன ஐப்பசியில் இரண்டு ஆணி பிடுங்கிக்கொண்டது. பழுது பார்த்த செலவு கூடப் பரவாயில்லை, அந்தக் கல்லை அள்ள அதன் அடியிலேயே நான்கு ஆட்களை நிற்க வைத்தேனே, அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

மாப்ளே, உனக்கு இது இன்னும் முக்கியம். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் இறங்கும் வாய் அது. அடியைத் திறந்து விடு, கீழே பள்ளம் வெட்டு, லோடர் போய் அள்ள இடம் வை. கரி எடுத்த இடத்தில் கூரை சரிந்தால் மேல்நிலமும் இறங்கும், வெடிப்பு விடும், இன்று கெட்டியாக இருக்கும் பாறை அடுத்த வருஷம் ஆணியைப் பிடிக்காது. அதனால் அசையும் நிலத்துக்கு அப்பால் தள்ளி ஆணி அடி, இழுத்துப் பார்க்கும் சோதனையை ஒரு தடவையோடு விடாதே. அப்புறம், நீளம், அகலம், உயரம் மூன்றும் 33 சென்டிமீட்டர் உள்ள கல்லே கிட்டத்தட்ட 100 கிலோ. 20 மீட்டர் தடையில்லாமல் விழுந்தால் மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட 20 கிலோஜூல். துள்ளி வரும் பெரிய கல்லுக்குத் தொங்கும் வலை போதாது, தூண் நட்டு, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வளையம் வைத்த தடுப்பு வேலி வேண்டும். மலையே நகர்ந்தால் அதுவும் நிற்காது. கனடாவில் ஃபிராங்க் ஊர் மேல் 1903-ல் டர்ட்டில் மலை சரிந்ததற்கு அடியில் கரி எடுத்ததும் ஒரு காரணம்.

என் வலையை வாங்கு என்று சொல்வேனா? மாட்டேன். இத்தனை வருஷம் காப்பாற்றியது என்பது நிஜம், ஆனாலும் இப்போது மனசு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது, முதலில் மேலே ஆணிகளைச் சரிபார்த்துவிட்டு, பக்கவாட்டில் நின்றே அந்தக் கீழ்க் கயிற்றை அறுக்கப் போகிறோம்.