கும்பகோணத்தில் ஒரு பழைய பேப்பர் கடை: பணம் போடுகிறவர்கள் ஒரு தடவை போய்வர வேண்டிய இடம்

மகாமகக் குளத்திலிருந்து ரயிலடிக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. போர்டு கிடையாது. வாசலில் தராசும் கட்டுக்கட்டாகப் பேப்பரும் கிடக்கும், அதுதான் அடையாளம். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழ்ப் பேப்பருக்கு ஒரு விலை, இங்கிலீஷ் பேப்பருக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதல். வாங்கியதில் பெரும்பகுதி வெற்றிலைக் கடைக்கும் பூக்கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் போய்விடும்.

இதுவரை எல்லா ஊரிலும் உள்ள கடைதான். பாய் கூடவே இன்னொரு வேலையும் செய்கிறார். தேர்தல், புயல், பட்ஜெட், காவிரித் தீர்ப்பு என்று பெரிதாக ஏதாவது நடந்த வாரத்துப் பேப்பர் கையில் பட்டால் எடைக்குப் போடாமல் தனியே எடுத்து, சணலால் கட்டி, ஒரு அட்டையில் வருஷத்தை எழுதிச் செருகிப் பரணில் போட்டுவிடுகிறார். ஏன் பாய் என்று கேட்டேன். "இதுல வடை மடிக்க மனசு வரலம்மா" என்றார்.

நான் எல்ஐசியும் மியூச்சுவல் ஃபண்டும் பார்க்கிற ஏஜென்ட். பாபநாசம், வலங்கைமான், ஆடுதுறை பக்கத்து விவசாயக் குடும்பங்களும் ரிட்டையர் ஆன வாத்தியார்களும்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்கள் பணத்தை எடுப்பதும் போடுவதும் கணக்குப் பார்த்து அல்ல, காதில் விழுந்த பேச்சை வைத்துத்தான். "மார்க்கெட் படுத்துடுமாமே" என்று போன் வந்தால், என்ன வரைபடம் காட்டினாலும் எடுபடாது. பழைய பேப்பரைக் கையில் கொடுத்தால் எடுபடுகிறது. அதனால்தான் இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

2024 ஜூன் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1 சாயங்காலம் மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்புகள் வந்தன. ஆளும் கூட்டணிக்குப் பெரிய வெற்றி என்றார்கள். திங்கட்கிழமை 3ஆம் தேதி மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. மறுநாள் ஓட்டு எண்ணினால் பாஜகவுக்குத் தனியாக 240 இடம்தான், கூட்டணிக்கு 293. அன்று ஒரே நாளில் கிட்டத்தட்ட 4,390 புள்ளி இறங்கியது. 7ஆம் தேதி 76,693இல் முடிந்தது, அதாவது 3ஆம் தேதி இருந்ததற்கும் மேலே. ஆட்சியமைத்ததும் அதே கூட்டணி. அந்த வாரத்தில் எந்தத் தொழிற்சாலையும் மூடவில்லை, எந்த வயலும் காயவில்லை. மாறியது பேச்சு மட்டும்தான். பாபநாசத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் 4, 5, 8 தேதிப் பேப்பர்களை வரிசையாக விரித்து வைத்தேன். முதல் பேப்பரில் கொண்டாட்டம், நடுவில் இழவு, மூன்றாவதில் மறுபடி கொண்டாட்டம். அந்த வீட்டுப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றையும் நிதானமாகப் படித்துவிட்டு, "அஞ்சாந்தேதி நான் எடுத்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்?" என்று அவராகவே கேட்டார். எத்தனை தடவை விளக்கியும் அவர் வாயிலிருந்து வராத கேள்வி அது.

எனக்கு மிகவும் பிடித்தது 2004 கட்டு. ஆண்டுத் தொடக்கத்துப் பேப்பர்களில் பக்கம் பக்கமாக அப்போதைய மத்திய அரசின் 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரம். அந்த விளம்பரத்துக்குக் கீழேயே, அதே பக்கத்தில், நம் பக்கத்துச் சம்பா கருகிய செய்தி சின்ன எழுத்தில். 2002, 2003 இரண்டு வருஷமும் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. வயல் வெடித்துக் கிடந்தவர்களிடம் எல்லாம் ஒளிர்கிறது என்று சொன்னால் எப்படி ஏறும்? அந்த வருஷத்து மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடமும் எதிரணியான திமுக கூட்டணிக்குப் போனது. மேலே இருந்து எவ்வளவு பணம் கொட்டிச் சொன்னாலும், கீழே ஜனங்கள் தங்கள் கண்ணால் பார்த்ததோடு அது ஒட்ட வேண்டும். இதை நான் அந்த ஒரு பக்கத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் மே 17. இடதுசாரிகள் ஆதரவில் ஆட்சி வருகிறது, சீர்திருத்தம் எல்லாம் முடிந்தது என்று ஒரு பேச்சு. சென்செக்ஸ் 564 புள்ளி சரிந்து 4,505இல் நின்றது, நடுவில் இரண்டு தடவை வர்த்தகத்தை நிறுத்தினார்கள். அந்தப் பேச்சை நம்பி வெளியேறினவர்கள், 2008 ஜனவரியில் அதே சென்செக்ஸ் 20,000 தாண்டி நின்றதை வெளியிலிருந்து பார்த்தார்கள்.

2013இல் பொருளாதார நோபல் பெற்றவர்களில் ஒருவரான ராபர்ட் ஷில்லர், இந்த மாதிரிப் பேச்சுகள் தொற்றுநோய் போலப் பரவித்தான் பொருளாதாரத்தை அசைக்கின்றன என்று பல வருஷமாகச் சொல்லிவருகிறார். நம் ஊரில் அதைப் புரிந்துகொள்ள நெல் கொள்முதல் போதும். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை இங்கே டிபிசி என்பார்கள். அறுவடை நேரத்தில் "நாளையோட டிபிசிய மூடுறாங்களாம்" என்று ஒரு வார்த்தை கிளம்பும். டிபிசியில் கேட்கிற 17 சதவீத ஈரப்பதத்துக்கு நெல்லைக் காயவைத்துக்கொண்டிருக்கிறவர் அதைக் கேட்டுப் பதறி, களத்துக்கே வரும் வியாபாரியிடம் மூட்டைக்கு நல்ல நஷ்டத்தில் தள்ளிவிடுவார். மறுநாள் டிபிசி வழக்கம்போல் திறந்திருக்கும். அந்த வார்த்தையை யார் கிளப்பியது என்று கடைசிவரை தெரியாது. வலங்கைமான் பக்கத்தில் என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் இது நடந்தது. அந்தம்மா அழுததைப் பார்த்தேன்.

2020 நவம்பர் கட்டையும் கேட்டுப் பாருங்கள். லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்த வாரம். டெபாசிட் போச்சு என்றுதான் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. பத்து நாளில் வங்கி டிபிஎஸ் என்ற இன்னொரு வங்கியோடு இணைந்தது, டெபாசிட்காரர்களின் பணம் முழுதாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் ஒரு பைசா மிஞ்சவில்லை. யார் பயப்பட வேண்டுமோ அவர்களைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

2018 பிப்ரவரி கட்டில் ஒரு அதிர்ஷ்டம். பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பிய யாரோ போட்ட இங்கிலீஷ் பேப்பரும் நம் தஞ்சாவூர்ப் பதிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. காவிரியில் நமக்குரிய 192 டிஎம்சியை உச்ச நீதிமன்றம் 177.25 ஆக்கிய தீர்ப்பு. குறைத்த 14.75இல் 4.75 பெங்களூர் குடிநீருக்கு, 10 நம் நிலத்தடி நீரைக் கணக்கில் காட்டி. இரண்டு பேப்பரிலும் எண் ஒன்றுதான், தப்பே இல்லை. ஒன்றில் அது பறிகொடுத்தது, இன்னொன்றில் ஜெயித்தது. நதி எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லை என்று அதே தீர்ப்பில் சொன்னது இரண்டிலும் உள்பக்கத்தில். இரண்டையும் மடியில் வைத்துப் படித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, பெங்களூர்க்காரர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பதும் புரிந்தது.

இப்படிப் பரவுவதெல்லாம் ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனசில்லை. பாயிடம் அட்டை கிழிந்த ஒரு பழைய தீபாவளி மலரில் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரக யாத்திரை பற்றிய கட்டுரை கிடைத்தது. 1930 ஏப்ரல் 13 திருச்சியில் கிளம்பி, நம் கும்பகோணம் வழியாக ராஜாஜி நடந்தார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்றார் தஞ்சை கலெக்டர் தார்ன். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியில் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். எத்தனையோ வரி இருக்க உப்பு வரியைப் பிடித்தார்களே, அதுதான் விஷயம். உப்பில்லாத அடுப்படி எது? சட்டம் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணுக்கும் அது தன் வீட்டுச் சங்கதியாகிவிட்டது.

சரி, குறைகள். பரணில் அட்டையைப் பார்த்துக் கட்டை எடுக்கலாமே தவிர, கட்டுக்குள் தேதி வரிசை கிடையாது. நாமேதான் பிரித்து அடுக்க வேண்டும். தூசு அதிகம், தும்மல்காரர்கள் மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது. இங்கிலீஷ் பேப்பர் நல்ல விலைக்குப் போவதால் சீக்கிரம் காலியாகிவிடுகிறது, அதில் இன்னும் கொஞ்சம் எடுத்துவைத்தால் நன்றாக இருக்கும். ஓடு ஒழுகி ஒரு மூலைக் கட்டுகள் ஊறிப்போய், பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு தார்ப்பாய் போடச் சொல்லியிருக்கிறேன்.

எடையில் ஏமாற்று இல்லை. பரண் கட்டுக்கு மட்டும் எடைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கேட்பார், பேரம் பேசாதீர்கள், அந்த உழைப்புக்கு அது தகும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிக்க விடுவார், காசு கேட்க மாட்டார். ஜிபே உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை சாத்தியிருக்கும், ஞாயிறு அரை நாள். வெறுமனே பழைய பேப்பர் வேண்டும் என்று கேட்டால் எடைப் பேப்பரைக் காட்டுவார். எந்த வருஷம், என்ன சம்பவம் என்று சொல்லிக் கேளுங்கள், ஏணியை எடுப்பார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போய்விடுங்கள்.