தெர்மோஸ்டாட் போச்சா? கை, டெம்பரேச்சர் கன், ஸ்கேனர், கொதிநீர்: எதை நம்பலாம்?

என்ஜின் சூடேறும் வரை கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, பிறகு திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். என்ஜின் ஓவர்ஹீட் ஆனாலும் தெர்மோஸ்டாட், சூடே ஏறாவிட்டாலும் தெர்மோஸ்டாட் என்று பழி போடுவது சுலபம். இரண்டுமே நடக்கக்கூடியதுதான். மூடியபடி சிக்கினால் கொதிக்கும், திறந்தபடி சிக்கினால் சூடேறாது. ஆனால் இரண்டையும் ஒரே சோதனையில் பிடிக்க முடியாது.

மூடியபடி சிக்கியதா என்று பார்க்கக் கையே போதும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் கொஞ்ச நேரம் சூடே தெரியாது, அப்புறம் சட்டென்று சுடும். டாஷ்போர்டின் வெப்ப முள் சிவப்பை நெருங்கியும் ஹோஸ் சில்லென்று இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் கூலன்ட் குறைவு, வாட்டர் பம்ப் கோளாறு இரண்டிலும் இதே கதைதான், அதனால் முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள் (சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது). சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே கீழ் ஹோஸைத்தான் பார்க்கணும். கையை ஃபேனுக்குத் தள்ளி வையுங்கள், அது சொல்லாமல் சுற்றும்.

டெம்பரேச்சர் கன் (தொடாமலே வெப்பத்தை அளக்கும் கருவி) இதே வேலையை எண்ணில் காட்டுகிறது, அவ்வளவுதான். பளபளக்கும் அலுமினியத்தில் குறைத்துக் காட்டும் என்பதால் ரப்பர் ஹோஸ் மீதோ கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ பிடியுங்கள்.

திறந்தபடி சிக்கியதற்கு என் ஓட்டு ஓபிடி ஸ்கேனருக்குத்தான் (வண்டியின் கம்ப்யூட்டரில் செருகி அதன் சென்சார் தகவலைப் படிக்கும் கருவி). டாஷ்போர்டு முள்ளை நம்பவே வேண்டாம், பல வண்டிகளில் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். லைவ் டேட்டாவில் கூலன்ட் வெப்பநிலை சீராக ஏறி, பல வண்டிகளில் 85-90 டிகிரி வாக்கில் நிற்க வேண்டும். வேகமாக ஓட்டும்போது 70-க்குக் கீழே இறங்கி, டிராஃபிக்கில் நின்றால் மறுபடி ஏறினால் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். பி0128 கோடும் (கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்ற பிழைக் குறியீடு) அநேகமாக வந்திருக்கும், ஆனால் அது கூலன்ட் குறைந்தாலும் வரும். சென்சாரே பொய் சொல்கிறதோ என்று தோன்றினால், இரவு முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பமும் இன்டேக் காற்று (என்ஜின் உள்ளிழுக்கும் காற்று) வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

கொதிநீர் சோதனைதான் கறாரானது. கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கினால், அதன் மேலேயே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்கணும். ஆனால் அதற்குள் கூலன்டை வடித்து, ஹவுசிங்கை (தெர்மோஸ்டாட் இருக்கும் கூடு) பிரித்தாகிவிட்டதே? அவ்வளவு வேலை பார்த்தபின் பழையதையே மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புதியதை மாட்டும் முன் சோதிக்கத்தான் இது உதவும். மின்சாரத்தில் கட்டுப்படுத்தும் புது ரகங்களுக்கு இது ஒத்துவராது, மின்சாரம் இல்லாமல் பல 100 டிகிரி தாண்டித்தான் திறக்கும்.

மாற்றினால் கேஸ்கெட்டும் புதிது போடுங்கள், கூலன்ட் குழாய்களில் சிக்கிய காற்றை முழுசாக வெளியேற்றுங்கள். உள்ளே காற்று நின்றால் புது தெர்மோஸ்டாட்டும் கெட்டது மாதிரியே நடந்துகொள்ளும்.