கம்பியை இறக்குவதா, பாட்டை இறக்குவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) பின்னால் இன்னும் தோட்டம்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நான்கு வருடமாக வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கிட்டார் வாசிக்கிறேன். ஆர்மோனியம் வாசித்தவர் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். வேறு ஆள் இல்லாததால் என் தலையில் விழுந்த பதவி.

சிக்கல் சுருதியில் ஆரம்பித்தது. பஜனை நடத்தும் மாமா (பழைய மண்டோர், அதாவது தோட்டத்துக் கங்காணி, இப்போதும் அதட்டித்தான் பேசுவார்) ஒன்றரைக் கட்டையில் பாடுவார். கட்டை என்பது சுருதியின் உயரம். அத்தை எடுத்தால் ஐந்து கட்டை. வழக்கமான இ, ஏ, டி, ஜி, பி, இ டியூனிங்கில் ஒவ்வொரு பாட்டுக்கும் கார்டு மாறும், கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) நகரும். ஒரு வாரம் மாமா மைக்கிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, நீ சுருதி சேர்த்து முடிக்கிறதுக்குள்ள பொங்கல் ஆறிடும்பா."

அப்புறம்தான் டாட்காட் என்ற டியூனிங் பக்கம் வந்தேன். ஆறாம் கம்பியிலிருந்து எண்ணினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி. முதல், இரண்டாம், ஆறாம் கம்பிகளை ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்கினால் வந்துவிடும். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கலைஞர் டேவி கிரஹாம், மொராக்கோவின் ஊத் வாத்தியத்தோடு ஒத்து வாசிக்க வழி தேடிப் பிடித்தது என்பார்கள். நம் காதுக்கு அது ச ப ச ம ப ச. தம்பூராவில் ஒரு மத்தியமத்தைச் சேர்த்த மாதிரி. காந்தாரம் எந்தக் கம்பியிலும் இல்லை. அதனால் சங்கராபரணமோ கரகரப்பிரியாவோ, எது வந்தாலும் திறந்த கம்பிகள் பாட்டோடு முட்டுவதில்லை. கல்யாணி சாயலில் வந்தால் மட்டும் ஜி கம்பியைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்வேன்.

இந்த அமைப்பையும் இன்னும் அரைக் கட்டை இறக்கியே வைத்திருக்கிறேன். மாமாவுக்குக் கேப்போ வேண்டாம், அத்தைக்கு ஆறாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டு) கேப்போ. அங்கே மேண்டலின் மாதிரி கொஞ்சம் கீச்சிடும். பஜனைத் தாளத்தில் அது யார் காதிலும் விழுவதில்லை.

இறக்கிய கம்பிக்கு விலை உண்டு. முதலில் 12 முதல் 53 வரையிலான (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) சாதாரண செட் போட்டிருந்தேன். ஆறாம் கம்பி தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடித்துக் கரகரத்தது. 13 - 56 செட்டுக்கு மாறியதும் அடங்கியது. அதே தடித்த செட்டை மலிவுக் கிட்டாரில் மாட்டி, வழக்கமான டியூனிங்குக்கு முறுக்காதீர்கள், கம்பிகள் கீழே மாட்டியிருக்கும் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். இன்னொன்று, ஒரு கம்பியை இறக்கினால் கழுத்தின் மேல் இழுவிசை குறைந்து மற்ற கம்பிகள் லேசாக ஏறும். ஆகவே இரண்டு சுற்று டியூன் செய்ய வேண்டும். சுருதிக்குக் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்தினால்தான் நிற்கும். கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காரும் நட்டின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்த பிறகு, முறுக்கும்போது வந்த 'டிக்' சத்தமும் போனது.

முதல் வருடம் ஒரே கிட்டாரைத் தினமும் ஏற்றி இறக்கியதில் முதல் கம்பி மூன்று தரம் அறுந்தது. அப்புறம் ஈப்போவில் 250 வெள்ளிக்கு ஒரு பழைய கிட்டார் வாங்கி, அதை இந்தச் சுருதிக்கே விட்டுவிட்டேன். செலவு என்று பார்த்தால் இதுதான் உருப்படியான செலவு.

சரி, பாட்டைக் கேட்டுப் பழக உதவும் மென்பொருள். கார்டு காட்டும் செயலி ஒன்றை வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். அது காட்டும் விரல் படங்கள் எல்லாம் வழக்கமான டியூனிங்குக்கானவை, என் கிட்டாரில் வைத்தால் வேறு ஏதோ கேட்கும். நிறுத்திய பிறகும் ஒரு மாதம் அட்டையில் பணம் எடுத்தார்கள்.

தினமும் திறப்பது ஒலிப்பதிவைத் திருத்தும் இலவச ஆடாசிட்டிதான். இணையம் வேண்டாம், மழை நாளில் எங்கள் பக்கம் லைன் படுத்துவிடுவதால் இது பெரிய விஷயம். அதில் 'சேஞ்ச் டெம்போ' சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைக்கும். 70 சதவீதம் வரை தாராளமாகக் கேட்கலாம், அதற்குக் கீழே தபேலாவின் அடி இரட்டையாகத் தெறிக்கும். பாட்டு வேறு கட்டையில் இருந்தால் 'சேஞ்ச் பிட்ச்' போட்டு என் கிட்டாருக்கு இழுத்துக்கொள்கிறேன். பயிற்சிக்காகக் கம்பியின் சுருதியை மாற்றுவதை இப்போது அடியோடு விட்டாயிற்று. குரலைப் பிரித்தெடுக்க டெமக்ஸ் என்ற மென்பொருளும் வைத்திருக்கிறேன். என் பழைய மடிக்கணினியில் போட்டுவிட்டுப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வரலாம். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும்போது நாதஸ்வரம் பாதி நேரம் குரல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பழைய கேசட்டுக்கு வழி வேறு. நாடா வேகமாக ஓடினால் வேகமும் சுருதியும் சேர்ந்தே ஏறும், 6 சதவீதத்துக்கு அரைக் கட்டை. அதற்கு இரண்டையும் ஒன்றாக மாற்றும் வசதிதான் சரி. போன வருடம் மாமா தன் அப்பா லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பாடிய கேசட்டைக் கொண்டுவந்தார். சுருதி ஒன்றரைக் கட்டைக்கு 38 சென்ட் மேலே (அரைக் கட்டைக்கு நூறு சென்ட்), எதிலும் சேராமல் நின்றது. இரண்டு கட்டையாக இருக்கும் என்று நினைத்து ஏற்றிக் காட்டினேன்.

"இது எங்கப்பா இல்ல, எங்க சித்தப்பா மாதிரி இருக்கு."

வேகத்தையும் சுருதியையும் சேர்த்து 2.2 சதவீதம் இறக்கி, ஒன்றரைக் கட்டைக்குக் கொண்டுவந்து போட்டேன். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "இன்னொரு தரம் போடு" என்றார். அந்தப் பாட்டுக்கும் கேப்போ தேவைப்படவில்லை.