ஆண்ட்ராய்டா ஐபோனா? நான்காம் வருடத்தை யோசித்துப் பாருங்கள்

புது போன் வாங்கக் கிளம்புகிறவரிடம் எதைப் பார்த்து வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டால் கேமரா என்பார், பேட்டரி என்பார், அப்புறம் பட்ஜெட். இயங்குதளம் என்று வந்தால் மட்டும் பேச்சு 'ஐபோனா, மற்றதா?' என்பதோடு முடிந்துவிடும். அந்த மற்றதில்தான் வம்பே இருக்கிறது. ஐபோனில் போனும் ஆப்பிளுடையது, மென்பொருளும் ஆப்பிளுடையது. ஆண்ட்ராய்டு அப்படியில்லை. கூகுள் அடித்தளத்தைக் கொடுக்கிறது. அதன் மேல் சாம்சங் 'ஒன் யூஐ'யைக் கட்டுகிறது, ஷாவ்மி 'ஹைப்பர் ஓஎஸ்'ஸைக் கட்டுகிறது, மற்றவர்களும் ஆளுக்கு ஒன்று. கூகுளே விற்கும் ஒரு பிக்சல் போனையும் ஒரு மலிவு விலைப் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஓடுவது ஒரே ஆண்ட்ராய்டு என்று நம்புவது கஷ்டம். ஆகவே பொத்தாம்பொதுவாக ஆண்ட்ராய்டையும் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸையும் மோதவிடுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. ஐபோனோடு ஒப்பிட வேண்டியது, நீங்கள் வாங்க நினைக்கும் அந்தக் குறிப்பிட்ட மாடலை.

மூன்றாவது ஆள் யாரும் இல்லையா என்றால், இருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2010-இல் விண்டோஸ் போனைக் கொண்டுவந்தது. பார்க்க அழகாகவும் ஓட்டத்தில் வேகமாகவும் இருந்தது. செயலிகள்தான் வந்து சேரவில்லை. பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டன. இப்போது ஹுவாவேயின் ஹார்மனி ஓஎஸ் இருக்கிறது. 2024-இல் வந்த அதன் 'நெக்ஸ்ட்' பதிப்பில் ஆண்ட்ராய்டு செயலிகள் நேரடியாக ஓடாது. சீனாவுக்கு வெளியே இருப்பவருக்கு அது இன்னும் வேடிக்கை பார்க்கும் விஷயம்தான்.

எத்தனை வருடம் தாங்கும்?

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வாங்கிய மாதத்தில் எல்லா போனும் நல்ல போன்தான். மூன்றாவது, நான்காவது வருடத்தில்தான் குணம் தெரியும்.

இந்த விஷயத்தில் ஆப்பிள் நெடுங்காலம் தனியாக முன்னால் ஓடியது. 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2021-இல் ஐஓஎஸ் 15 வரை கிடைத்தது. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், ஐஓஎஸ் 18 வரை தாக்குப்பிடித்து, 2025-இல் வந்த ஐஓஎஸ் 26-இல்தான் கழற்றிவிடப்பட்டது. (நடுவில் ஏழு பதிப்புகள் காணாமல் போகவில்லை. ஆப்பிள் எண்ணை ஒரே தாவாகத் தாவிவிட்டது.) அதே காலத்தில் ஆண்ட்ராய்டு போன்களுக்கு இரண்டு பெரிய அப்டேட் வந்தாலே புண்ணியம் என்ற நிலை இருந்தது.

இன்று நிலைமை வேறு. 2023-இல் பிக்சல் 8-க்கு கூகுள் ஏழு வருடம் உறுதி தந்தது. 2024 ஜனவரியில் சாம்சங்கும் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு அதையே சொன்னது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இவ்வளவுதான். சின்ன எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, ஏழு வருடம் என்பது உயர்ரக மாடல்களுக்கான பேச்சு. அதே நிறுவனத்தின் விலை குறைந்த மாடலுக்கு வருடங்கள் குறையலாம். இன்னொன்று, கணக்கு ஆரம்பிப்பது நீங்கள் வாங்கிய நாளில் அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளில். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று இரண்டு வருடம் பழைய மாடலை எடுத்தால், அந்த இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது. 'நான்கு வருட அப்டேட்' என்று எழுதியிருக்கும் பெட்டிக்குள் இரண்டு வருடம்தான் மிச்சம் இருக்கும்.

அப்டேட் வந்து சேரும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. ஆப்பிள் வெளியிட்டால் தகுதியுள்ள எல்லா ஐபோனுக்கும் அன்றே கிடைக்கும். ஆண்ட்ராய்டில், பிக்சலைத் தவிர்த்தால், கூகுள் வெளியிட்டு, போன் நிறுவனம் அதில் தன் வேலையைச் சேர்த்து, நம் கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

ஆனால் ஆதரவு முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதை இந்த ஒப்பீடுகளில் யாரும் பேசுவதில்லை. அங்கே ஆண்ட்ராய்டு கொஞ்சம் கெட்டிக்காரன். பிரவுசர் உட்படப் பல பாகங்கள் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படுகின்றன. ஐபோனின் பிரவுசரான சஃபாரி இயங்குதளத்தோடு ஒட்டிப் பிறந்தது. வேறு பிரவுசரைப் போட்டாலும், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்கள் தவிர, உள்ளே ஓடுவது, பக்கங்களைத் திறந்து காட்டும் சஃபாரியின் அதே வெப்கிட் எஞ்சின்தான். அது நின்றால் எல்லாம் நின்றது. வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025-இன் நடுவில் அது ஐபோனில் ஐஓஎஸ் 15.1-ஆவது வேண்டும் என்றது. அது 2021-இல் வந்த பதிப்பு. ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 போதும் என்று விட்டிருந்தது. 2014-இல் வந்த ஐபோன் 6, ஐஓஎஸ் 12-ஐத் தாண்டவில்லை என்பதால் வெளியே போனது. அதற்காக, பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஆண்ட்ராய்டில் வங்கிச் செயலியை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுதந்திரம், அதன் இம்சை

ஆண்ட்ராய்டு என்றால் இஷ்டப்படி மாற்றலாம், ஐபோன் என்றால் பூட்டிய வீடு என்று சொல்வது பழைய கதை. முகப்புத் திரையில் விட்ஜெட், வேறு பிரவுசரை இயல்பாக வைப்பது எல்லாம் 2020-இல் ஐஓஎஸ் 14-லேயே வந்துவிட்டன. கோப்புகளுக்கென்று தனிச் செயலி 2017-இலேயே வந்தது. இன்னும் மிச்சமிருக்கும் வித்தியாசங்கள் சில அன்றாட விஷயங்கள். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் கணினியோடு இணைத்தால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரியும், வேண்டியதை இழுத்துப் போடலாம். ஐபோனை விண்டோஸ் கணினியில் செருகினால் படங்களும் வீடியோக்களும் மட்டும் தெரியும். பின்னால் போவது இன்னொன்று. ஆண்ட்ராய்டில் திரையின் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து தள்ளினாலும், எந்தச் செயலியிலும், ஒரு படி பின்னே போகும். ஐபோனில் பெரும்பாலும் இடது ஓரத்தில் தள்ள வேண்டும், அதுவும் சில செயலிகளில் வேலை செய்யாது, மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறியைக் கட்டைவிரலால் எட்டிப் பிடிக்க வேண்டும். அற்பம்போலத் தோன்றும். ஒரு நாளில் எத்தனை முறை பின்னே போகிறோம் என்று பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் ஏபிகே என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் செயலி போடலாம். விவரம் தெரிந்தவருக்கு வரம். திருட்டுக் கூட்டத்துக்கும் அதுதான் வாசல். 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இந்தச் செயலியை நிறுவுங்கள்' என்று செய்தி அனுப்பி ஏபிகேயைத் தலையில் கட்டுகிறார்கள். ஐபோனில் இந்த வாசல் பொதுவாகக் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில், சட்டம் கட்டாயப்படுத்தியதால், வேறு ஸ்டோர்களுக்கு ஆப்பிள் இடம் கொடுத்தது. வருகிற லிங்கையெல்லாம் தொட்டுப் பார்க்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், அவருக்கு நான் ஐபோனைத்தான் சொல்வேன். பட்ஜெட் இடிக்கிறது என்றால், ஆண்ட்ராய்டு வாங்கி, தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதி எதற்கும் தரப்படவில்லை என்று அமைப்புகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மலிவு ஆண்ட்ராய்டுகளின் இரண்டு தொல்லைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முதலாவது விளம்பரம். கோப்பு மேலாளர், தீம் ஸ்டோர் என்று போனோடு வரும் செயலிகளிலேயே விளம்பரம் ஓடும், கேட்காத செயலிகள் முன்கூட்டியே குடியேறியிருக்கும். இரண்டாவது இன்னும் மோசம். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று, பின்னணியில் இருக்கும் செயலிகளைப் போன் சத்தமில்லாமல் கொன்றுவிடும். நான் முன்பு வைத்திருந்த ஒரு போனில், மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி இரண்டு நாள் வேலை செய்யும், மூன்றாம் நாள் மௌனம். செயலியின் மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், பேட்டரி அமைப்பில் அதற்கு 'கட்டுப்பாடு இல்லை' என்று தனியாகச் சொல்லிவைக்க வேண்டுமாம். பிக்சல் போன்ற போன்களில் இந்தத் தொல்லை குறைவு. ஐபோனும் பின்னணி வேலைகளை இறுக்கிப் பிடிக்கும்தான், ஆனால் எல்லா மாடலிலும் ஒரே விதி. செயலி எழுதுகிறவருக்கு அது தெரியும், அதற்கேற்ப எழுதியிருப்பார்.

அந்தரங்கம் பற்றிச் சுருக்கமாக. 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5-இல், உங்களைப் பின்தொடர அனுமதிக்கலாமா என்று ஒவ்வொரு செயலியும் கேட்டாக வேண்டும் என ஆப்பிள் விதித்தது. அதனால் 2022-இல் சுமார் 1000 கோடி டாலர் வருமானம் அடிபடும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது என்றால், அது பேருக்குப் போட்ட விதி இல்லை. விளம்பரத்தில் பிழைக்கும் கூகுளிடம் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஆப்பிளைச் சாமியாராக்கிவிடவும் வேண்டாம். சஃபாரியில் இயல்புத் தேடுபொறியாக இருப்பதற்காக 2022-இல் மட்டும் கூகுள் 2000 கோடி டாலர் கொடுத்தது நீதிமன்றத்தில் வெளிவந்தது.

தமிழில் எழுதுவதைப் பொறுத்தவரை இப்போது இரண்டும் சரிதான். ஆண்ட்ராய்டின் ஆரம்ப காலத்தில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்ததுண்டு. ஐபோனில் 2013-இல், ஐஓஎஸ் 7-இலேயே தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வந்தன. செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலி இரண்டு பக்கமும் கிடைக்கிறது. பேசித் தட்டச்சுகிறவர், மெனு முழுவதையும் தமிழில் வைத்துக்கொள்கிறவர் என்றால் என் ஓட்டு கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு உள்ள ஆண்ட்ராய்டுக்கு.

கட்சி மாறும் செலவு

ஏற்கெனவே ஒரு பக்கம் இருப்பவர் மறுபக்கம் போக நினைத்தால், போன் விலையோடு கணக்கு முடியாது. ஒரு பக்கம் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் மறுபக்கம் வராது. ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் பேசும். கேலக்ஸி வாட்ச் 4 தொடங்கி சாம்சங் கடிகாரங்கள் ஐபோனோடு பேசுவதை நிறுத்திவிட்டன.

எல்லோருக்கும் வலிப்பது வாட்ஸ்அப். ஐபோனில் அதன் பேக்அப் ஐகிளவுடுக்குப் போகிறது, ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்குக்கு. ஒன்றில் போட்டதை இன்னொன்றில் இறக்க முடியாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வர 2022-இல் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி வழியாகப் பாதை திறந்தார்கள். ஆனால் புது ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். எல்லாம் அமைத்து, படங்களை ஏற்றி, இரண்டு நாள் கழித்து 'ஐயோ, பழைய சாட்' என்று ஞாபகம் வந்தால், பெரும்பாலும் போனை அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இலவச இடத்தையும் பாருங்கள். ஆப்பிள் 5 ஜிபி தருகிறது, கூகுள் 15 ஜிபி, அதை ஜிமெயிலும் படங்களும் பங்கிட்டுக்கொள்ளும். ஐபோன் வாங்கியவர் பலர் சில மாதத்திலேயே 'இடம் நிரம்பிவிட்டது' என்ற அறிவிப்பைப் பார்த்து மாதச் சந்தாவில் விழுகிறார்கள். கூகுள் போட்டோஸ் இரண்டு பக்கமும் ஓடும் என்பதால், என்றாவது மாறும் எண்ணம் உள்ளவர் படங்களை அங்கே வைப்பது நல்லது.

இப்போதிருக்கும் பக்கத்தில் பெரிய குறை இல்லை என்றால் அங்கேயே இருங்கள் என்பதுதான் என் கட்சி. போனைப் பற்றி யோசிக்கவே பிடிக்காதவர், ஐந்தாறு வருடம் ஒரே போனை ஓட்ட நினைப்பவர், கையில் காசும் இருந்தால் ஐபோன். கோப்புகளோடு புழங்குபவர், விதவிதமான வடிவங்களிலிருந்து தேர்ந்தெடுக்க விரும்புபவர் என்றால் ஆண்ட்ராய்டு. மலிவு விலையில்தான் வாங்க முடியும் என்றால் ஐபோன் பேச்சே எழாது. அங்கே உண்மையான போட்டி இரண்டு ஆண்ட்ராய்டுகளுக்கு இடையில். மெகாபிக்சலை விட்டுவிட்டு, பாதுகாப்பு அப்டேட் எந்த வருடம் எந்த மாதம் வரை என்று நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். தேதியே போடாத மாடலை நான் தொடமாட்டேன்.

பழைய ஐபோனை வாங்கிச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நல்ல வழிதான், ஆனால் விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, தொலைந்த போனைத் தேடித்தரும் 'ஃபைண்ட் மை'யை அணைத்து, போனை உங்கள் கண் முன்னால் அழித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்டிவேஷன் லாக் விழுந்து, அவருடைய கடவுச்சொல் இல்லாமல் போன் திறக்காது. ஆண்ட்ராய்டிலும் பழைய கூகுள் கணக்கு இதேபோல் மறிக்கும். பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன், 'ஹலோ' திரையிலிருந்து உங்கள் கணக்கு உள்ளே போகும் வரை அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.