பதுகி ஆட நான்கு நிறச் சீட்டுக்கட்டு: வாங்கலாமா?

ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நிறம்: ஸ்பேட் கறுப்பு, ஆட்டின் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை. முழு பிளாஸ்டிக்கில் வரும் இந்த நான்கு நிறக் கட்டு டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் ஆட்டத்துக்கு ஒரு வசதி. சிறிய சீட்டுகள் வெல்லும் போக்கர் வகையான பதுகிக்கோ கிட்டத்தட்ட அவசியம்.

பதுகியில் ஆளுக்கு நான்கு சீட்டு, மூன்று முறை மாற்றலாம், நான்கு சுற்றுப் பந்தயம். நான்கும் வெவ்வேறு இனமாகவும் வெவ்வேறு எண்ணாகவும் இருந்தால் அதுதான் பதுகி. ஒரே இனத்தில் இரண்டு வந்தால் பெரியது கணக்கில் சேராது. கை மூன்று சீட்டாகச் சுருங்கும். ஏஸ் மிகச் சிறியது. ஒப்பிடும்போது பெரிய சீட்டிலிருந்து தொடங்க வேண்டும்: 7-4-2-ஏஸ், 8-3-2-ஏஸை வெல்லும். கிங்-ராணி-ஜாக்கி-10 என்ற மோசமான பதுகிகூட எந்த மூன்று சீட்டுக் கையையும் அடித்துவிடும். இங்கேதான் வழக்கமான சிவப்பு-கறுப்புக் கட்டு காலை வாரும். ஆட்டினையும் டைமனையும் அவசரத்தில் குழப்பிக்கொண்டு, பதுகி சேர்ந்துவிட்டதாக நம்பிக் கடைசிச் சுற்றில் பந்தயத்தை ஏற்றுபவர்கள் ஏராளம். நான்கு நிறத்தில் அந்தத் தவறு அநேகமாக மறைந்துவிடுகிறது.

முதல் நான்கு சீட்டிலேயே பதுகி அமைய வாய்ப்பு 6.3 சதவீதம்தான். நல்ல மூன்று சீட்டை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றினால், பார்க்காத 48 சீட்டில் 10 உதவும். மூன்று மாற்றலும் முடிவதற்குள் பதுகி சேர வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். இதனால் சீட்டுகள் ஓயாமல் கைமாறும். காகிதக் கட்டு சீக்கிரம் மடங்கி, மடிப்பே அடையாளமாகிவிடும். பிளாஸ்டிக்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இதற்காகத்தான்.

அளவில் 63 மில்லிமீட்டர் அகலமான போக்கர் கட்டைவிட 57 மில்லிமீட்டர் பிரிட்ஜ் கட்டு விசிறிப் பிடிக்க நன்றாக இருக்கிறது. மூலை எண் சாதாரண அளவே போதும்; பெரிய எண்ணைப் பக்கத்தில் இருப்பவரும் படித்துவிடுவார்.

குறைகளும் உண்டு. மஞ்சள் விளக்கில் அடர்பச்சைக் கிளாவர் கறுப்பு ஸ்பேட் போலத் தெரியும். வெளிர்பச்சை அச்சைப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர்கள் பழையபடி வடிவத்தைத்தான் நம்ப வேண்டும். புதுக்கட்டு வழுக்கும்; மேசையில் பரப்பி, இரு கையாலும் ஐந்து நிமிடம் கலைத்தால் சரியாகும். ஜோக்கர்களை எடுத்துவிடுங்கள். ஆறு பேருக்கு மேல் ஆடினால் சீட்டு தீர்ந்துபோகலாம். அப்போது கழித்த சீட்டுகளைக் கலைத்து மறுபடி பயன்படுத்த வேண்டும்.

அழுக்கானால் ஈரத்துணியும் துளி சோப்பும் போதும். நெயில்பாலிஷ் நீக்கியைத் தொடவே தொடாதீர்கள், அச்சு கரைந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் சீட்டு வளைந்துகொள்ளும்.